அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டைக் குளிர்வித்துப் பார்ப்பது எப்படி: மதுரை ஆய்வகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பிஎச்.டி. முதல் வருடத்துக்கோ ‘பெரோவ்ஸ்கைட்’ என்று தலைப்பு வாங்கியவர்களில் பெரும்பாலோர் நேராகச் சோலார் செல்லுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கூட்டம் அதிகம், கருவிச் செலவும் அதிகம். அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டைக் குளிர்வித்து அதன் நிலைமாற்றத்தை, அதாவது படிகத்தின் உள் அமைப்பு வேறொன்றாக மாறுவதை, பார்ப்பது அப்படியில்லை. படிகத்தைப் பீக்கரிலேயே வளர்க்கலாம். சரியான படிகத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மதுரையில் இருந்துகொண்டே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

ஒரே ஒரு எதிரி உண்டு: காற்றில் இருக்கும் ஈரம். குளிர்ந்த எதன் மேலும் அது பனியாகப் படியும். அந்தப் பனி வெப்ப அளவீட்டிலும் எக்ஸ் கதிர் அளவீட்டிலும் நிலைமாற்றம் போலவே வேஷம் போடும். கீழே சொல்லும் வேலைகளில் பாதி அந்த வேஷத்தைக் கலைப்பதற்காகத்தான்.

எது, எதனால் மாறுகிறது

பெரோவ்ஸ்கைட்டின் அடிப்படை அலகு ஓர் எண்முகி. நடுவில் ஓர் உலோக அயனி, சுற்றி ஆறு ஆக்சிஜன் அல்லது ஹாலைடு அயனிகள். எண்முகிகள் மூலைக்கு மூலை சேர்ந்து மூன்று திசையிலும் போனால் சாதாரணப் பெரோவ்ஸ்கைட். இரண்டு திசையில் மட்டும் போய், மூன்றாவது திசையில் வேறொரு பொருள் குறுக்கே வந்தால் அடுக்குப் பெரோவ்ஸ்கைட். சோழவந்தான் வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இலை ஒவ்வொன்றும் ஓர் எண்முகித் தளம். கட்டைக் குறுக்கே கிழிக்கக் கஷ்டம், இலை இலையாகப் பிரிக்கச் சுலபம். படிகமும் அப்படித்தான் தகடு தகடாகப் பிளக்கும்.

குளிரும்போது மூன்று விதமான காரியம் நடக்கலாம். எண்முகிகள் சாயலாம், திரும்பலாம். தளங்களுக்கு இடையில் கரிமச் சங்கிலிகள் இருந்தால், அறை வெப்பநிலையில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தவை ஒழுங்காக அடங்கலாம். உலோக அயனியின் எலக்ட்ரான்களோ காந்தத் திருப்பங்களோ (ஸ்பின்) ஒழுங்குபடலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வரும். சங்கிலியின் தலைப்பக்கத்தில் உள்ள அமோனியம், ஹைட்ரஜன் பிணைப்பால் எண்முகியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று அசைந்தால் மற்றது சும்மா இருக்க முடியாது.

மாற்றம் படிப்படியாக நடக்கிறதா, ஒரே தாவலா என்பது அடுத்த கேள்வி. தாவலாக நடந்தால் அது முதல்வகை மாற்றம். உள்ளுறை வெப்பம் இருக்கும், கனஅளவு திடீரென மாறும், இறங்கும்போது ஒரு வெப்பநிலையிலும் ஏறும்போது வேறு வெப்பநிலையிலும் நடக்கும். இந்த இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். படிப்படியாக நடப்பது இரண்டாம்வகை. அதில் உள்ளுறை வெப்பம் கிடையாது, ஒழுங்கு மெல்ல மெல்லக் கூடும். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1937-ல் தந்த கோட்பாடு இந்த இரண்டையும் சமச்சீரின் மொழியில் பிரித்துக் காட்டுகிறது. அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டும் என்பதில்லை. முதல் படிகம் கையில் வந்தபிறகு படித்தால் நன்றாகவே புரியும்.

எந்தப் படிகத்தை எடுப்பது

என் பரிந்துரை பியூட்டைல்அமோனியம் லெட் அயோடைடு. ஒற்றை எண்முகித் தளம், இரண்டு தளங்களுக்கு நடுவே நான்கு கார்பன் சங்கிலிகள். அறை வெப்பநிலையில் ஆரஞ்சு நிறத் தகடுகள். குளிர்வித்தால் 250 கெல்வின் அக்கம்பக்கத்தில் மஞ்சளாகும். திரும்பச் சூடாக்கினால் 274, 275 கெல்வின் வாக்கில் மறுபடி ஆரஞ்சு. இருபது கெல்வினுக்கு மேல் ஹிஸ்டெரிசிஸ், பட்டவர்த்தனமான நிறமாற்றம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இது: தளங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 13.8 ஆங்ஸ்ட்ராமில் இருந்து 13.1-க்கு இறங்குகிறது. லெட்-அயோடின்-லெட் கோணம் சுமார் 155 பாகையில் இருந்து 150-க்குக் குறைகிறது. கோணம் மடங்க மடங்க ஆற்றல் இடைவெளி (பேண்ட் கேப்) அகலும், அதனால்தான் நிறம் வெளுக்கிறது. ஒளிர்வை அளந்தால் பச்சையில் 525 நானோமீட்டர் பக்கம் இருந்த உச்சி, நீலத்தை ஒட்டி 490 பக்கம் தாவியிருக்கும்.

இதில் சுவாரசியமான சங்கதி, இரண்டு நிலைகளுக்கும் இடக்குழு, அதாவது படிகத்தின் சமச்சீர் வகை, ஒன்றேதான்: Pbca. சமச்சீர் எதுவும் உடையவில்லை. வைவாவில் யாராவது “இடக்குழு மாறவில்லையே, அப்புறம் என்ன நிலைமாற்றம்?” என்று கேட்டால் தடுமாற வேண்டாம். சமச்சீர் மாறாமல் ஒரு நிலை இன்னொன்றாக மாற வேண்டுமானால் அது தாவித்தான் ஆக வேண்டும். மாற்றம் முதல்வகை என்பதற்கு அதுவே வலுவான காரணம்.

கூடவே பினைல்எத்தில்அமோனியம் லெட் அயோடைடையும் கொஞ்சம் வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்பு அதே ரகம், ஆனால் குளிர்விக்கும்போது இப்படித் தாவும் மாற்றம் அதில் இல்லை. ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் குளிர் அளவீட்டில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்பது டி.எஸ்.சி. (மாதிரி உறிஞ்சும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் கருவி) பகுதியில் வரும்.

ஈயம் வேண்டாம் என்று கல்லூரியில் சொன்னால் எத்தில்அமோனியம் காப்பர் குளோரைடு இருக்கிறது. அதைத் தண்ணீரிலேயே வளர்க்கலாம். காப்பர் குளோரைடு டைஹைட்ரேட் 1.7 கிராமுக்கு எத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடு 1.63 கிராம், அதாவது ஒன்றுக்கு இரண்டு மோல். இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மூடியில் ஊசித் துளை போட்டு, மெல்ல ஆவியாக விட்டால் பளபளக்கும் மஞ்சள் தகடுகள் கிடைக்கும். இதன் கட்டமைப்பு மாற்றங்கள் அறை வெப்பநிலைக்கு மேலும் கீழும் பல இருக்கின்றன. நிறத்தில் தாவல் தெரியாததால் முதல் வேலைக்கு லெட் அயோடைடே மேல்.

வளர்ப்பது

எல்லாமே புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹுட்), கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. ஹைட்ரோஅயோடிக் அமிலம் சதையை அரிக்கும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தை வறளக் காய்ச்சினால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். ஈயம் உடம்புக்குள் போனால் தங்கிவிடும்.

லெட் ஆக்சைடு 2.23 கிராம் எடுத்து, 57 சதவீத ஹைட்ரோஅயோடிக் அமிலம் 10 மில்லியும் 50 சதவீத ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் 1.7 மில்லியும் சேர்த்த கலவையில் போட்டு, கலக்கிக்கொண்டே கொதிநிலைக்குக் கொண்டுபோங்கள். தெளிந்த மஞ்சள் கரைசல் வரும். ஹைப்போபாஸ்பரஸ் எதற்கு என்றால், அமிலம் காற்றுப் பட்டு அயோடினாகப் பிரிந்து செம்பழுப்பாகாமல் இருக்க. பாட்டிலைத் திறந்ததுமே அமிலம் கருஞ்சிவப்பாக இருந்தால் அது பழைய சரக்கு. தனி பீக்கரில் ஐஸ் மீது வைத்த 5 மில்லி ஹைட்ரோஅயோடிக் அமிலத்தில் பியூட்டைல்அமீன் 2 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். புகையும், சுடும், அவசரம் ஆகாது. அதைச் சூடான ஈயக் கரைசலில் ஊற்றுங்கள். வண்டல் விழுந்தால் கொதிநிலைக்குக் கொண்டுபோய்க் கரையுங்கள்.

படிகத்தின் தரம் முழுக்க இனி எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதில் இருக்கிறது. புரோகிராம் செய்யும் வெந்நீர்த் தொட்டி இருந்தால் நல்லதுதான், ஆனால் இரவில் கரண்ட் போனால் ஆறும் வேகம் தாறுமாறாகிவிடும். எளிய வழி: கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்து, வெந்நீர் ஊற்றிய பெரிய ஹாட்பேக்குக்குள் இறக்கி மூடிவிடுங்கள். மறுநாள் காலை வரை மெல்ல மெல்ல ஆறும். கரண்ட் தேவையில்லை. (அந்த ஹாட்பேக் அப்புறம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மேலே பெயின்டால் எழுதிவிடுங்கள்.) மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டி நிற்பதால் கரைசல் அதற்குக் கீழே ஆறாது, பொருளில் ஒரு பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். மகசூல் குறைந்தால் செய்முறையைச் சந்தேகப்படும் முன் அறை வெப்பநிலையைப் பாருங்கள்.

வடிகட்டியபின் கழுவ வேண்டும். கட்டுரைகளில் டைஎத்தில் ஈதர் என்று போட்டிருக்கும். அதன் கொதிநிலை 34.6 டிகிரி. சித்திரை மதியத்தில் பாட்டிலைத் திறந்தாலே பாதி பறந்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதைவிட முக்கியம், ஈதர் வேகமாக ஆவியாகும்போது படிகத்தைச் சில்லென்று ஆக்கிவிடும். அந்தச் சில்லிப்பில் காற்றின் ஈரம் வந்து படிகத்தின் மேலேயே படியும். உலர்த்தக் கழுவப்போய் நனைத்ததுதான் மிச்சம். 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சேன் நம் ஊருக்குத் தோது. கழுவியபின் 40, 50 டிகிரியில் வெற்றிடத்தில் சில மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் இருட்டில் வையுங்கள். ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பு ஜெல் போட்ட டெசிகேட்டரும் மூடாத அலமாரியும் ஒன்றுதான்.

மிஞ்சிய ஈயக் கரைசலை சிங்க்கில் ஊற்றாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, லேபிள் ஒட்டி, அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

குளிருக்கு எங்கே போவது

ஐஸும் கல் உப்பும் மூன்றுக்கு ஒன்று கலந்தால் அதிகபட்சம் மைனஸ் 21 டிகிரி, அதாவது 252 கெல்வின். நம் படிகம் இறங்கும்போது மாறுவது 250-ஐ ஒட்டி. விளிம்பில் நிற்கிறது. ஒரு தகடு மாறும், பக்கத்துத் தகடு அப்படியே இருக்கும். வகுப்பில் காட்டப் போதும், அளவீட்டுக்குப் போதாது.

டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. கல்யாண மண்டபத்தில் மணமக்கள் நடந்து வரும்போது புகை கிளப்புகிறார்களே, அதற்குப் போடுவது இதுதான். மண்டப அலங்காரம் செய்பவர்களிடம் விசாரித்தால் எங்கே வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். எத்தனாலில் டிரை ஐஸைத் துண்டு துண்டாகப் போட்டால் மைனஸ் 70-க்குக் கீழே சாவகாசமாக நிற்கும் குளியல் தயார்.

உண்மையான வேலைக்குத் திரவ நைட்ரஜன், 77 கெல்வின். வாயு விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கலாம், அல்லது ஏற்கெனவே வாங்கும் துறையோடு சேர்ந்துகொள்ளலாம். மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் கால்நடை நிலையங்களில் இருப்பதும் இதே திரவம்தான். அந்தச் சின்னக் கேன்களின் மூடி ஏன் இறுகாமல் தளர்வாக உட்காருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாக விரியும். இறுக்கி மூடினால் கேன் வெடிக்கும். அதே காரணத்தால் ஏ.சி. போட்டு அடைத்த சின்ன அறையில் கொட்டினால் ஆக்சிஜன் குறைந்து, வாசனையே தெரியாமல் மயக்கம் வரும். லிஃப்டில் கேன் தனியாகப் போகட்டும், ஆள் படியேறட்டும். கண்ணாடி ஏற்றிய காரில் வேண்டாம், பக்கம் திறந்த ஆட்டோ பரவாயில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கோரிப்பாளையம் வழியாகக் கேன் கொண்டுவரத் திட்டம் போடாதீர்கள். நகராத வண்டியில் நைட்ரஜன் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிர் அளவீடு எடுப்பது வீண் தலைவலி. மாசி, பங்குனியின் காய்ந்த நாட்களை இதற்கு ஒதுக்கி, மழைக்காலத்தில் படிகம் வளர்ப்பதும் கணக்குப் போடுவதுமாக இருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் முந்தின நாளே வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே கருவிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கருவி தருவது ஒரு கோடு. மாற்றம் படிகத்தில் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்தான் காட்டும்.

உலர்ந்த தகடு ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, உலர் நைட்ரஜன் நிரப்பி மூடி, எத்தனால் குளியலில் இறக்குங்கள். ஆரஞ்சு மஞ்சளாகும். வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே பாருங்கள், திரும்ப ஆரஞ்சு. பக்கத்தில் பினைல்எத்தில் படிகம் போட்ட இன்னொரு குழாய் இருக்கட்டும். அதன் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நகருமே தவிர ஒரு இடத்தில் குதிக்காது. எந்தப் படிகத்தின் நிறமும் வெப்பநிலையோடு லேசாக நகரத்தான் செய்யும். நமக்கு வேண்டியது குதிப்பு.

அப்புறம் மைக்ராஸ்கோப். குளிர்மேடை வாங்கப் பணம் இல்லாவிட்டால் செய்துகொள்ளலாம். லேத் பட்டறையில் ஒரு செம்புக் கட்டையைக் கடைந்து, ஒளி போக நடுவில் துளை போட்டு, பக்கத்தில் ஒரு செம்புக் கம்பியைப் பொருத்துங்கள். கம்பியின் மறுமுனை தெர்மோகோல் பெட்டியில் உள்ள திரவ நைட்ரஜனுக்குள் இருக்கட்டும். கட்டையில் ஒரு மின்தடையைப் பதித்துக் கரண்ட் விட்டால் சூடாக்கவும் முடியும். பெட்டியில் இருந்து கொதித்து வரும் நைட்ரஜன் வாயுவில் துளி ஈரமும் இருக்காது. அதை வீணாக்காமல் ஒரு குழாய் வழியே படிகத்தின் மேலும் கண்ணாடி ஜன்னலின் வெளிப்பக்கத்திலும் ஊத விடுங்கள். பனி படியாது.

குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கு (போலரைசர்) நடுவே படிகத்தை வைத்துச் சுழற்றி, இருளும் திசையில் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வேகத்தில் இறக்குங்கள். 250-ஐ நெருங்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். பெரும்பாலும் ஓர் ஓரத்திலோ பழைய கீறலிலோ மஞ்சள் கிளம்பும். கூர்மையான எல்லையோடு ஒரு முகப்பு படிகத்தின் குறுக்கே ஓடும். சில சமயம் ஒரு கோட்டில் வந்து நிற்கும், ஒரு டிகிரி இறக்கினால் விருட்டென்று மிச்சத்தையும் கடந்துவிடும். கடந்த இடத்தில் மெல்லிய விரிசல்கள் தெரியும். தளம் 0.7 ஆங்ஸ்ட்ராம் சுருங்கிய பகுதியும் சுருங்காத பகுதியும் ஒரே தகட்டில் இருந்தால் விரிசல் வராமல் என்ன செய்யும்? அதனால் ஒரே படிகத்தைப் பல முறை ஏற்றி இறக்கி எடுத்த தரவில், கடைசிச் சுற்றில் இருப்பது முதல் சுற்றின் படிகம் அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் எண் போடுங்கள், முதல் இறக்கத்தைத் தனியாகக் குறியுங்கள்.

தடிமனும் கணக்கில் வரும். செலோடேப்பால் உரித்த மிக மெல்லிய துண்டுகளில் மாற்ற வெப்பநிலை தடித்த படிகத்தில் உள்ளபடி இருப்பதில்லை. உரித்த துண்டில் எடுத்த ஒளிர்வையும் தூளில் எடுத்த டி.எஸ்.சி.யையும் ஒரே படத்தில் போட்டு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

வெப்பநிலை யாருடையது

மானி காட்டுவது மானியின் வெப்பநிலை, படிகத்தினுடையது அல்ல. பிளாட்டினம் மின்தடை மானி இருந்தால் இரண்டு புள்ளியில் சரிபாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸ் கூழில் 100 ஓம், திரவ நைட்ரஜனில் 20 ஓமை ஒட்டி. மீன் மார்க்கெட் ஐஸ் பாரை உடைத்துப் போட்டுச் சரிபார்க்காதீர்கள். கரைந்த உப்புகள் உறைநிலையைக் கீழே இழுக்கும்.

மானியைப் படிகம் ஒட்டிய அதே பரப்பில், படிகத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ‘அபீசான் N’ என்ற கிரீஸ் போதும், ஆனால் தடவுவது மிகக் குறைவாக இருக்கட்டும். இந்தக் கிரீஸின் வெப்பக் கொள்ளளவே 200 முதல் 300 கெல்வினுக்குள் மேடு பள்ளம் காட்டும். வெப்பக் கொள்ளளவு அளக்கிறீர்கள் என்றால் கிரீஸை மட்டும் வைத்து ஒரு சுற்று எடுத்துக் கழிக்க வேண்டும்.

டி.எஸ்.சி: தண்ணீரோடு ஒரு வழக்கு

இங்கேதான் பலருடைய தீசிஸில் தண்ணீர் புகுகிறது. பியூட்டைல்அமோனியம் லெட் அயோடைடு ஏறும்போது 274, 275 கெல்வினில் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பனி உருகுவது 273.15-ல். வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி. சுமாராகச் சரிபார்த்த கருவியில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

“இறங்கும்போது பார்த்தால் தெரிந்துவிடுமே” என்று தோன்றும். தெரியாது. சின்னத் துளிகளாக ஒட்டியிருக்கும் தண்ணீர் சரியாகப் பூஜ்ஜியத்தில் உறைவதில்லை. மைனஸ் 5-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் உறையும். கெல்வினில் அது 268 முதல் 248 வரை. நம் படிகம் மாறுவதும் அதற்குள்தான். ஆக, இறங்கும்போது 250 பக்கம் ஓர் உச்சி, ஏறும்போது 273 பக்கம் ஓர் உச்சி, நடுவே அழகான ஹிஸ்டெரிசிஸ் என்று ஈரமான வெறும் கிண்ணமும் காட்டும். இரு திசையிலும் பார்த்தால் போதும் என்ற பொதுவான அறிவுரை இந்தப் படிகத்துக்குப் போதாது.

எவ்வளவு ஈரம் போதும்? பனியின் உருகல் வெப்பம் கிராமுக்கு 334 ஜூல். 5 மில்லிகிராம் மாதிரியோடு 0.1 மில்லிகிராம் தண்ணீர் ஒட்டியிருந்தால் 33 மில்லிஜூல் வரும். டி.எஸ்.சி.க்கு அது கொழுத்த உச்சி.

பிரித்தறிய நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது. கிண்ணத்தை மாதிரியோடு வெற்றிடத்தில் உலர்த்தி, உலர் பெட்டிக்குள்ளேயே மூடி அழுத்துங்கள். அழுத்தியபின்னும் அளவீடு முடிந்தபின்னும் எடை பார்த்து எழுதுங்கள். அடுத்து, அதே நாளில் அதே வழியில் தயார்செய்த பினைல்எத்தில் மாதிரியை ஓட்டுங்கள். அதிலும் 273-ல் உச்சி வந்தால் உங்கள் உலர்த்தலில் ஓட்டை இருக்கிறது, மேலே போகாதீர்கள். அது சுத்தமாக இருந்தால் பியூட்டைல் மாதிரியை மூன்று வேறு எடைகளில் ஓட்டுங்கள். படிகத்தின் உச்சிப் பரப்பு எடைக்கு நேர்விகிதமாகக் கூடும். ஒட்டிய ஈரத்துக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. கடைசியாக, வேண்டுமென்றே ஒரு துளி தண்ணீர் போட்ட கிண்ணத்தை ஓட்டி, அதன் உச்சி உங்கள் கருவியில் எங்கே விழுகிறது என்று பதிவுசெய்து வையுங்கள். தேர்வாளர் கேட்டால் எடுத்து நீட்டலாம்.

கருவிச் சரிபார்ப்புக்கு இண்டியம் மட்டும் போதாது, அது உருகுவது 156.6 டிகிரி செல்சியஸில். குளிர்ப் பக்கத்துக்குச் சைக்ளோஹெக்சேன் தோதானது. 186 கெல்வினில் திடநிலைக்குள்ளேயே ஒரு மாற்றம், 279.7-ல் உருகல். நம் மாற்றம் இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது.

வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 10, 5, 2 டிகிரி. எடுக்க வேண்டியது உச்சியை அல்ல, தொடங்கும் வெப்பநிலையை. அதை வேகத்துக்கு எதிராக வரைந்து பூஜ்ஜிய வேகத்துக்கு நீட்டினால் கருவியின் பின்தங்கல் கழிந்துவிடும். அதன்பின்னும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மிஞ்சும் இடைவெளிதான் படிகத்தின் சொந்த ஹிஸ்டெரிசிஸ்.

எக்ஸ் கதிர்

செம்பு எக்ஸ் கதிரில் பாருங்கள். தகடுகள் தட்டையாகவே படுப்பதால் அடுக்குத் திசையின் உச்சிகள் மட்டும் ஓங்கித் தெரியும். நிலைமாற்றத்துக்கு நமக்கு வேண்டியதும் அவைதான், அதனால் முதல் சுற்றில் அரைக்காதீர்கள். அரைத்தால் விகாரம் (ஸ்ட்ரெயின்) ஏறி மாற்றம் அகன்றுவிடும். முதல் உச்சி அறை வெப்பநிலையில் 6.4 பாகையில் இருக்கும், குளிர்நிலையில் 6.7-க்குத் தாவும். மாற்றம் நடக்கும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும், ஒன்று தேயத் தேய மற்றது வளரும். உச்சி வழுக்கிக்கொண்டு போகாமல் இப்படி இரண்டும் சேர்ந்து நிற்பதே முதல்வகைக்குக் கண்கூடான சாட்சி.

குளிரும்போது மாதிரி மேடையே சுருங்கிக் கீழே இறங்கும். 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் உச்சி சுமார் 0.08 பாகை தாழ்கோணத்துக்கு நகரும். நம் தாவல் 0.3 பாகை, அதுவும் எதிர்த் திசையில். ஆக மாற்றத்தைத் தவறவிட மாட்டீர்கள். ஆனால் அலகுக்கூட்டின் அளவைச் சொல்ல வேண்டுமானால் சிலிக்கான் தூளை ஓரமாகத் தூவி, அதன் 28.44 பாகை உச்சியை வைத்துத் திருத்துங்கள்.

22.8, 24.3, 25.9 பாகையில் மூன்று உச்சிகள் புதிதாகக் கிளம்பினால் சூப்பர்லாட்டிஸ் (படிக ஒழுங்கின் மேல் அமைந்த இன்னொரு பெரிய ஒழுங்கு) என்று கொண்டாட வேண்டாம். அது பனி. வெற்றிடத்தை மறுபடி பிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒற்றைப் படிகத்தில் முழுக் கட்டமைப்பையும் தீர்ப்பது தனிக் கலை. மாற்றத்தில் படிகம் விரிசல் விடுவதால் சின்னத் துண்டாக, 0.1 மில்லிமீட்டர் அளவில் எடுத்து மெதுவாக இறக்குங்கள். பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி.யின் பொதுக் கருவி மையம் என்று கேட்டுப்பார்க்க இடங்கள் உண்டு. எங்கே கேட்டாலும் குளிர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை கெல்வின் வரை போகும், இறங்கும்போதும் ஏறும்போதும் தரவு எடுத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். “லோ டெம்பரேச்சர்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் 100 கெல்வினுக்கு ஒரே அடியில் இறக்கி ஒரு தரவு எடுத்துத் தருவார்கள். அது இரண்டு நிலைகளில் ஒன்றைக் காட்டும், மாற்றத்தைக் காட்டாது.

மின்காப்பு (டைஎலக்ட்ரிக்) அளவீடு பற்றிச் சுருக்கமாக: ஒரு கிலோஹெர்ட்ஸ் முதல் ஒரு மெகாஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில் எடுங்கள். அதிர்வெண் மாறியும் நகராத உச்சி நிலைமாற்றம், நகர்வது தளர்வு (ரிலாக்சேஷன்). சில்வர் பேஸ்டின் கரைப்பான் படிகத்தைத் தின்னும், கார்பன் பேஸ்ட் சாதுவானது.

77-க்குக் கீழே

இங்கே ஹீலியம் வேண்டும், கொதிநிலை 4.2 கெல்வின், அல்லது 10 கெல்வின் வரை இறங்கும் மூடிய சுற்றுக் குளிரூட்டி வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள யு.ஜி.சி.-டி.ஏ.இ. (பல்கலைக்கழக மானியக் குழு-அணுசக்தித் துறை) ஆய்வு மையம் போன்ற இடங்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்மொழிவு எழுதி விண்ணப்பிக்கலாம். மதுரையில் கண், டி.எஸ்.சி., எக்ஸ் கதிர் மூன்றும் முடித்து அவற்றின் படங்களோடு எழுதிய முன்மொழிவுக்கு மதிப்பு அதிகம்.

அந்தக் குளிரில் கட்டமைப்பைவிடக் காந்தமும் மின்னும்தான் பேசும். மேலே சொன்ன எத்தில்அமோனியம் காப்பர் குளோரைடு 10.2 கெல்வினில் காந்தமாக ஒழுங்குபடுகிறது. ஒவ்வொரு தளத்துக்குள்ளும் திருப்பங்கள் ஒரே பக்கம் பார்க்கும், தளத்துக்குத் தளம் இருக்கும் தொடர்பு மிகப் பலவீனம். இரு பரிமாணக் காந்தவியலைச் சோதிக்க ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததற்கு அதுவே காரணம். ஆக்சைடுப் பக்கம் போனால் லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடு. பெட்னார்ஸும் முல்லரும் 1986-ல் உயர்வெப்ப மீகடத்தலை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவதை) கண்டதும், 1987-ல் நோபல் வாங்கியதும் இந்த அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டை வைத்துத்தான். அதில் பேரியத்தின் அளவு எட்டில் ஒன்றாக இருக்கும்போது 55 கெல்வின் வாக்கில் எண்முகிகள் சாயும் திசை மாறுகிறது, மீகடத்தல் பெருமளவு அடங்கிவிடுகிறது.

மாதிரியைக் கொண்டுபோகும்போது நைட்ரஜனில் மூடிய குப்பி, அதற்கு மேல் சிலிக்கா ஜெல் போட்ட இன்னொரு டப்பா, வெளியே ஈயம் உள்ளது என்று லேபிள். பார்சலில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். அட்டவணையில் மாற்ற வெப்பநிலை என்று ஒற்றை எண்ணைப் போடாதீர்கள். இறக்கத்தில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி, தூளா தகடா, எத்தனையாவது சுற்று, மானி எங்கே ஒட்டியிருந்தது என்று வரிசைக்கு வரிசை எழுதி, கடைசி நெடுவரிசையில் அன்று ஓட்டிய பினைல்எத்தில் மாதிரியின் வரைகோட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.